இரண்டாவது மயக்கம்

மரக்காணம்
14.3.2006

அண்ணா,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. உயிரோடுதான் இருக்கிறேன். உடைந்தது இடது கை, எழுதுவது வலது கை.

உப்பளத்தைப் பார்க்க வேண்டும் என்று நானேதான் அடம்பிடித்துப் போனேன். வானூரில் நெல்வயல் வரப்பில் ஓடிப் பழகிய கால்தானே என்று ஒரு திமிர். இந்த வரப்பு மேலே காய்ந்த மாதிரி தெரிகிறது, காலை வைத்தால் வெண்ணெய். நேராகப் பாத்திக்குள் விழுந்தேன். வினோதினிதான் தூக்கினாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், கை தொங்குவதைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். உனக்கு வரப்போகிறவள் சிரிப்பையும் அழுகையையும் ஒரே பையில் வைத்திருக்கிறாள், பார்த்துக்கொள்.

திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் படம் எடுத்தார்கள். முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டன, பிளேட் வைக்க வேண்டுமாம். வீக்கம் வடியட்டும், அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் கையில் இல்லை அண்ணா. மயக்க மருந்து டாக்டர் வந்து, "இதுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுத்து ஏதாச்சும் ஆபரேஷன் ஆயிருக்குதாம்மா?" என்று கேட்டார். அத்தை பக்கத்திலேயே நின்றார்கள். அத்தையே பதில் சொல்லிவிட்டார்கள்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தலவலின்னுகூடப் படுக்காது எங்க மருமவ." எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள் தெரியுமா. டாக்டர் விடவில்லை. "வீட்டுல நல்லா கேட்டுட்டு வாங்க, புதன்கிழம மறுபடி கேப்பேன்" என்றார்.

கார்த்திகையில் பாண்டிச்சேரியில் என் மார்பிலிருந்த கட்டியை எடுத்தது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். புற்று இல்லை, வெறும் கட்டி என்று பரிசோதனையில் வந்தும், மாரில் கத்தி வைத்த பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா எல்லார் வாயையும் கட்டிவிட்டாள். அந்தத் தழும்பைப் பற்றி இவர் கேட்டபோது, கொப்புளம் வந்து கீறினது என்றேன். சரி என்றார், அவ்வளவுதான். அவர் மறுபடி கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது உண்மையைச் சொல்லட்டுமா? சொன்னால் ஆவணியில் உன் கல்யாணம் என்னாகும்? பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். எங்களை ஏமாற்றிப் பெண்ணைத் தள்ளிவிட்டீர்கள், எங்கள் பெண்ணைத் தரமாட்டோம் என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ இந்த மருந்துகளையே வைத்து ஆராய்ச்சி பண்ணுகிறவன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

போன் கூடத்தில் இருக்கிறது, பேசினால் வீடே கேட்கும். அதனால்தான் கடிதம். வினோதினியிடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் பதில் வந்துவிட வேண்டும்.

உன் மலர்


சென்னை
16.3.2006

பாப்பா,

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் கையை உடைத்துக்கொண்ட முதல் வானூர்க்காரி நீதான். மாப்பிள்ளையைச் சமைக்க வைக்க இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கவலைப்பட ஒன்றுமே இல்லை. என் வேலை என்னவென்று நீ கேட்கும்போதெல்லாம் எலியைக் கொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், கேள். எலியின் கல்லீரலிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்க்கிறோம். அதன்மேல் கிருமியின் விஷத்தைக் கொஞ்சம் விடுவோம். செல்களுக்குக் கோபம் வந்துவிடும். நம் தெருச் சண்டை மாதிரிதான், ஒன்று கத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கத்தும். அழற்சி என்கிறோமே, அது இந்தக் கூச்சல்தான். கூச்சல் எவ்வளவு என்று அளக்க எங்களிடம் வழி இருக்கிறது. பிறகு மயக்க மருந்தைச் செலுத்திவிட்டு அளந்தால், கூச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது! மயக்க மருந்து மூளையை மட்டும் தூங்க வைப்பதில்லை, கொதித்துப் போன கல்லீரலையும் சமாதானம் செய்கிறது. என் ஆராய்ச்சியே இதுதான். என்னை வழிநடத்துகிற சாரே தட்டிக்கொடுத்தார்.

கார்த்திகையில் உனக்குக் கொடுத்தது ஹாலோத்தேன். மூச்சில் இழுக்கிற மருந்து. நானே அந்த டாக்டரைப் பிடித்து விசாரித்தேன், நீ அரைத்தூக்கத்தில் என்னை முறைத்தாய். என் தட்டில் போகிற மருந்துகளில் அதுவும் ஒன்று. நான் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன், நம்பு.

அத்தை சொன்னதே நிற்கட்டும். ஒரு வார்த்தைதான் பாப்பா. "இல்லை" என்று சொல்லிவிடு. எல்லாம் நல்லபடியாக முடியும்.

வினோதினியிடம் நான் விசாரித்ததாகச் சொல். கடிதத்தைத் தபாலில் போட்டதற்கு நன்றி என்றும் சொல்.

அண்ணன்
அறிவழகன்


மரக்காணம்
29.3.2006

அண்ணா,

நீ சொன்னபடியே சொன்னேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "இல்லை" என்றேன். அத்தை தலையாட்டினார்கள். மூக்கில் வைத்த மூடியில் கார்த்திகை மாதத்து வாடையே வந்தது. பிளேட் வைத்தாகிவிட்டது. கை நன்றாக இருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. அத்தை கூனிமேட்டிலிருந்து ஆசையாகச் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தார்கள், அந்த வாசனைக்கே வெளியே ஓடிவிட்டேன். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்து அர்த்தத்தோடு சிரிக்கிறார்கள். அவர்கள் நினைப்பது இல்லை, எனக்குத் தெரியும். மருந்துச் சூடாகத்தான் இருக்கும், இல்லையா?

மலர்


சென்னை
31.3.2006

பாப்பா,

ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வருவது சகஜம். பயப்படாதே.

மூத்திரம் மஞ்சளாகப் போகிறதா? கண்ணில் மஞ்சள் தெரிகிறதா? சும்மாதான் கேட்கிறேன். காய்ச்சல் மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதே. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடி.

இந்தக் கடிதத்தை யாரும் பார்க்க வேண்டாம். கருத்தரங்கு வேலை தலைக்குமேல் இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன்.

அறிவு


மரக்காணம்
15.5.2006

அண்ணனுக்கு,

மலர்கொடி எழுதுகிறேன். இப்போதுதான் உட்கார்ந்து பேனா பிடிக்க முடிகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே மஞ்சள் தெரிந்துவிட்டது. உச்சி வெயிலில் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெள்ளைவெளேரென்ற இடத்தில் வினோதினி என் கண்ணைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இன்னா இது, மஞ்சா கரச்சு ஊத்துன மாதிரி இருக்குது" என்றாள். அத்தை உடனே அனுமந்தைப் பக்கம் போய் யாரிடமோ கேட்டு, கீழாநெல்லியைப் பறித்துவந்து அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். தினமும் விடிந்ததும் அவர்கள் கையால்தான். பிறகு எனக்கு நினைவு தப்பியது. என்னைப் பாண்டிச்சேரிக்குத் தூக்கிப் போனதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் அம்மாவோடு வந்து என் கால்மாட்டில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. கிருமியால் வருகிற காமாலைக்கான பரிசோதனை எல்லாம் செய்துவிட்டார்கள், எதிலும் ஒன்றும் இல்லை. பின்னே எதனால் ஈரல் வெந்துபோய்க் கிடக்கிறது என்று டாக்டருக்கும் புரியவில்லை. அத்தையைப் பார்த்துக் கத்தினார். "என்ன பச்சிலைய அரைச்சுக் குடுத்தீங்க? நீங்களே வெஷத்தக் குடுத்துட்டு இங்க வந்து நிக்கிறீங்களா?"

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில் மேல் வைத்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கருத்தரங்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் கொன்னுட்டனாடி உன்ன? சொல்லுடி, என் கையாலயே கொன்னுட்டனா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார்கள். ஞானாம்பாள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று அத்தையைப் பற்றி மரக்காணத்தில் சொல்வார்கள். நான் பார்த்தேன். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் டாக்டர் வந்ததும் சொல்லிவிட்டேன், அத்தையையும் இவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "அத்த குடுத்த மருந்து இல்லீங்க. கார்த்திகையில எனக்கு மார்ல ஒரு கட்டி எடுத்தாங்க. அதுக்கும் மயக்க மருந்து குடுத்தாங்க. நான்தான் மறைச்சிட்டேன்."

டாக்டர் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து விசாரித்தார். திரும்பி வந்தபோது குரலில் கோபமே இல்லை. "ரெண்டு தடவையும் ஹாலோத்தேன்மா. மொத தடவ உடம்பு சும்மா இருந்துடும், ஆனா ஞாபகம் வச்சுக்கும். கொஞ்ச மாசத்துல அதே மருந்து திரும்ப உள்ள போச்சுன்னா, ரொம்ப அபூர்வமா சிலருக்கு, உடம்பே தன் ஈரல எதிரின்னு நெனச்சுத் தாக்கும். அதுக்காகத்தான் முன்னாடியே கேக்குறோம். ஆமான்னு சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்க. அவ்ளோதான்." அவ்வளவுதானாம்.

இவர் எழுந்து வெளியே போனார். அத்தையும் போனார்கள். இரண்டு நாள் அத்தை என் முகத்தைப் பார்க்காமலே கஞ்சி ஊட்டினார்கள். பிறகுதான் வாய் திறந்தார்கள். "கட்டின்னா கட்டின்னு சொல்றது. நான் இன்னா மாடா வாங்க வந்தேன், பல்லப் புடிச்சுப் பாக்க?" என்றார்கள். இதற்காக வினோதினி கல்யாணத்தை நிறுத்தப் போவதில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். நாம் எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தோமோ அது நடக்கவே இல்லை அண்ணா.

வீட்டுக்கு வந்தும் பத்தியம்தான். உப்பு, புளி, எண்ணெய் எதுவும் இல்லை. நான் மட்டும் தனியாகச் சாப்பிட்டால் ஏங்கிப்போவேன் என்று அத்தை வீட்டுக்கே உப்பில்லாமல் சமைக்கிறார்கள். வாசலில் மலைமலையாய் உப்பு, உள்ளே எல்லார் தட்டிலும் உப்பில்லாத சோறு. இவர் மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தச் சப்பென்ற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து அளத்துக்குப் போய்விடுகிறார்.

இதெல்லாம் என் பொய்க்குக் கிடைத்தது என்றுதான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம்கூட இல்லை. பாவம், தட்டில் பார்த்ததை நம்பிச் சொன்னார், மனுஷ உடம்பு அவருக்கு எப்படித் தெரியும் என்று நானே உங்களுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வினோதினி எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள். "டாக்டரு சொன்னதத்தான் அண்ணி உங்க அண்ணனும் உங்க கல்யாணத்தன்னிக்கே என்கிட்ட சொன்னாரு. மொத மொத தனியா பேச உட்டா, வேற பேச்சே இல்ல. ஒரு மயக்க மருந்து இருக்குதாம், கிட்டகிட்ட ரெண்டாவது தபா குடுத்தா ஈரல் கெட்டுப்பூடுமாம், அவங்க சார் பாடமே அதுலதான் ஆரம்பிப்பாராம். பொண்டாட்டியாகப் போறவகிட்ட இதா பேசறதுன்னு நான் சிரிச்சேன். பாவம் அண்ணி, அவரு மட்டும் அன்னிக்கு உங்க பக்கத்துல இருந்திருந்தா தடுத்திருப்பாரு இல்ல?"

கஞ்சியை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன்.

என் கல்யாணம் தை மாதம். உங்களுக்கு நான் கடிதம் எழுதியது அதற்குப் பிறகு. எனக்கு முதலில் கொடுத்த மருந்து எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவரும் நீங்கள். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதியவரும் நீங்கள். அத்தைக்குக் கெட்ட பெயர் வந்தபோது ஆரஞ்சுப் பையோடு நின்றவரும் நீங்கள்.

உங்களுக்குத் தெரியும்தானே?

மலர்கொடி


சென்னை
19.5.2006

பாப்பா,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

தெரியும். ஆனால் நீ நினைக்கிற மாதிரித் தெரியாது. புத்தகத்தில் உள்ள எச்சரிக்கை அது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். நானோ தினமும் அதே மருந்து செல்களைச் சாந்தப்படுத்துவதைக் கண்ணால் பார்க்கிறேன். புத்தகத்தில் படித்ததா, கண்ணால் பார்த்ததா, எதை நம்புவேன்? என் தட்டில் இரண்டாவது தடவை என்பதே கிடையாது பாப்பா. தினமும் புதுச் செல். பழைய தட்டைக் கழுவிக் கொட்டிவிடுவோம். ஞாபகம் வைத்துக்கொள்ள அதில் ரத்தமும் இல்லை, உடம்பும் இல்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்தேன். உனக்கு வராது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வாய் வரை வந்தது. வினோதினி கதவோரம் நின்றாள். நான் வாயைத் திறந்தால், தெரிந்தும் ஏன் தங்கைக்குச் சொல்லவில்லை என்றுதானே முதலில் கேட்பாள்? கீழே போய் டாக்டரைத் தனியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவர் ரவுண்ட்ஸ் போய்விட்டார். காத்திருந்திருக்கலாம்தான்.

நீ பிழைத்துவிட்டாய். எனக்கு அது போதும். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வினோதினி இன்னும் நான் சொன்னதையும் உன் கடிதத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றால், அப்படியே விட்டுவிடு. கல்யாணத்துக்குப் பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. அத்தை மன்னித்து, எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்கிற நேரம். இப்போது அவள் வேண்டாம் என்று சொன்னால் உன் குடும்பமும்தான் ஆடும். மாப்பிள்ளை ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறாய். உன் நல்லதுக்காகவும்தான் சொல்கிறேன்.

அண்ணன்


மரக்காணம்
6.6.2006

அண்ணனுக்கு,

என்னைப் பார்க்க வந்த அம்மாவிடம் ஒரு மோதிரம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நிச்சயத்தன்று வினோதினிக்கு நீங்கள் போட்டது. ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள இந்தக் கடிதம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது பள்ளிக்கூடம் போகாமல் வேப்பிலை வீசியவர் நீங்கள். அதை எப்படி மறப்பது? ஆனால் கடைசி வரிகளை மறுபடி படித்தேன். "உன் நல்லதுக்காகவும்தான்." மார்ச்சில் எழுதியதும் இதே மாதிரித்தான் இருந்தது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது. தராசில் என் உயிரை ஒரு பக்கமும் உங்கள் கல்யாணத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். என் பக்கம்தான் லேசாக இருந்திருக்கிறது.

அப்படியும் நானாகப் போய் வினோதினியிடம் எதுவும் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு பக்கம் உங்கள்மேல் ஆத்திரம், ஒரு பக்கம் என் பிழைப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேற்று அவளே கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக என்னை அளத்துக்குக் கூட்டிப்போனாள். வழுக்குமென்று என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், பாதி வரப்பில் நின்றுவிட்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணி, ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க அண்ணனுக்கு ஒரு கடுதாசி போட்டீங்களே. நான்தான் பொட்டில போட்டேன். அவரு பதிலு வந்த அன்னிக்கு நீங்க அப்படி சிரிச்சீங்க. அதுக்கப்புறம்தான ஆபரேஷன்?"

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னேனே, அவரு இருந்தா தடுத்திருப்பாருன்னு. அன்னிக்கு நீங்க கஞ்சிய அப்படியே வச்சிட்டீங்க. அத நெனச்சிக்கினே கெடக்குறேன் அண்ணி. என்னான்னு கேட்டு எழுதினீங்கன்னு எனக்கு வேணாம். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

சொன்னால் என்ன ஆகும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இவர் தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். முந்தாநாள்தான் என்னிடம் கை வலிக்கிறதா என்று கேட்டிருந்தார். வினோதினி இந்தக் கல்யாணம் வேண்டாமென்றுவிட்டால் என்னையும் வானூருக்குப் பஸ் ஏற்றிவிட மாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்? அத்தை ஒரு தடவை பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது தடவையும் பொறுப்பார்களா, தெரியாது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "இனிமே எந்த ஊரு ஆஸ்பத்திரின்னாலும், யாரு பக்கத்துல இருந்தாலும், கேட்டா ஆமான்னு சொல்லணும். சொல்லுவியா?" சொல்வேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வினோதினியும் நாளைக்கு ஒரு ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டி வரலாம். அவள் பக்கத்தில் நீங்கள்தான் நிற்பீர்கள்.

ஒரு வார்த்தைதான் என்று எனக்கு எழுதியிருந்தீர்கள். அவளிடமும் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ஆமாம்" என்றேன்.

மலர்கொடி